பொதுவழியும் ஒரு வழக்கறிஞரும்
பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் (1887–1938)

இந்தியத் திருச்சபையின் வரலாற்றை நாம் பெரும்பாலும் மிஷன்களின் வரலாறாகவே கற்று வந்திருக்கிறோம். எந்த மிஷனரி எந்தத் துறைமுகத்தில் வந்திறங்கினார், எந்த ஊரில் முதல் ஆலயம் எழுந்தது, எந்தெந்தச் சபைகள் எப்பொழுது ஒன்றிணைந்தன என்பன நம் பாடங்களில் விரிவாக இடம்பெறுகின்றன. சபைக்கு வெளியே, நீதிமன்றத்திலும் பத்திரிகை அலுவலகத்திலும் சிறையிலும் தம் வாழ்நாளைச் செலவிட்ட விசுவாசிகளுக்கு அப்பாடங்களில் இடம் அரிது. சக்கரையையும் செஞ்சையாவையும் நாம் படிக்கிறோம். அவ்விருவரும் சட்டம் பயின்றவர்களே. எனினும் அவர்கள் இறையியல் நூல்களை விட்டுச் சென்றதால் வகுப்பறைக்குள் வந்துவிட்டனர். அவர்கள் காலத்தவரான பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அத்தகைய நூல் எதனையும் எழுதவில்லை. அவர் விட்டுச் சென்றவை வழக்குகளும் பத்திரிகைக் கட்டுரைகளும் ஒரு கேள்வியுமே. அக்கேள்வி இன்னும் நம்மைவிட்டு அகலவில்லை என்பதனாலேயே அவர் வரலாற்றை ஈண்டு எழுத முற்படுகிறோம்.

ஜார்ஜ் ஜோசப் 1887ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலுள்ள செங்ஙன்னூரில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். புகழ்பெற்ற பத்திரிகையாசிரியர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, எடின்பரோவில் தத்துவம் கற்று, லண்டனில் மிடில் டெம்பிளில் சட்டம் முடித்து, 1909ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார். சிறிது காலம் சென்னையில் தொழில் நடத்தியபின் மதுரையில் குடியேறினார். அதுமுதல் மதுரையே அவருடைய ஊராயிற்று. மலையாள நாட்டில் பிறந்து ஸ்காட்லாந்தில் படித்த ஒருவர் வைகைக்கரையில் வேரூன்றியது தற்செயலாக நிகழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் பெயர் மக்கள் மனத்தில் தங்கியதற்கு அந்த ஊர்தான் காரணம்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது அன்னி பெசன்ட் அம்மையாரின் சுயாட்சி இயக்கம் சென்னை மாகாணத்தில் பரவிற்று. இங்கிலாந்து மக்களிடம் இந்தியாவின் கோரிக்கையை எடுத்துரைக்கச் சென்ற தூதுக்குழுவில் ஜோசப்பும் ஒருவர். சையத் உசேன், சேலம் வழக்கறிஞர் பி. வி. நரசிம்ம ஐயர் ஆகியோர் உடன்சென்றனர். கப்பல் ஜிப்ரால்டரை எட்டியபோது அரசு அவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பிற்று. (இந்த நரசிம்ம ஐயரே பிற்காலத்தில் துறவு பூண்டு சாயிபாபா வழிபாட்டைத் தென்னாடெங்கும் பரப்பியவர். அரசியலிலிருந்து மனிதர் செல்லும் வழிகள் பல.) 1918இல் டாக்டர் வரதராஜுலு நாயுடு மதுரையில் ஆற்றிய சொற்பொழிவுக்காக வழக்குத் தொடரப்பட்டபோது இராஜாஜி அவருக்காக வாதாடினார். உடன் நின்று உதவியவர் ஜோசப். 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்த இயக்கத்திற்கு மதுரையில் அவரே தலைமை தாங்கினார். மதுரை ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைவதிலும் அவருக்குப் பங்குண்டு. காந்தியடிகள் மதுரைக்கு வந்தபோது அவர் இல்லத்தில் விருந்தினராகத் தங்கியிருக்கிறார்.

இவையெல்லாம் அக்காலத்துக் காங்கிரஸ் வழக்கறிஞர் பலருடைய வாழ்விலும் காணக்கூடியவை. அவரைத் தனித்து நிற்கச் செய்தது வேறொன்று.

குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் முதலில் வட இந்தியாவிற்கென இயற்றப்பட்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒரு சமூகம் முழுவதையும் குற்றப்பரம்பரை என அரசு அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அதில் பிறந்தோர் பெயரைப் பதிவு செய்து கைரேகை கொடுக்கவேண்டும். குறித்த நேரத்தில் காவல்துறையினர் முன் வந்து நிற்கவேண்டும். ஊரைவிட்டு வெளியே செல்ல அனுமதிச்சீட்டு வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ படுத்துறங்கும்படி ஆடவர் கட்டாயப்படுத்தப்பட்டனர். மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் மீது இச்சட்டம் படிப்படியாகப் பாய்ந்தது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டிக்கு அண்மையிலுள்ள பெருங்காமநல்லூரில், பதிவுக்கு உடன்பட மறுத்துத் திரண்ட மக்கள்மீது காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களுள் ஒரு பெண்ணும் இருந்தார்.

சட்டம் படித்தோர் இச்சட்டத்தில் கவனிக்கவேண்டிய ஒரு கூறு உண்டு. ஒரு சமூகத்தைக் குற்றப்பரம்பரை என அரசு வெளியிடும் அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்க இயலாது என அச்சட்டமே விதித்திருந்தது. அஃதாவது வழக்கறிஞர் நுழைவதற்குரிய கதவு முன்கூட்டியே அடைக்கப்பட்டிருந்தது. குற்றம் செய்தவன் தண்டிக்கப்படுகிறான் என்பதே நாம் அறிந்த சட்டம். இங்கோ பிறப்பே குற்றமாயிற்று. அதனைக் கேட்க மன்றமும் இல்லாது போயிற்று. இந்நிலையில் ஜோசப் செய்தது என்ன? முன்வாயில் அடைபட்டிருந்ததால், தனித்தனி வழக்குகள் என்னும் பக்கவாயில் வழியே நுழைந்தார். சட்டத்தின் பெயரால் அலைக்கழிக்கப்பட்டோருக்காக நீதிமன்றங்களில் வாதாடினார். ‘தி ஹிந்து’, ‘சவுத் இந்தியன் மெயில்’ ஆகிய பத்திரிகைகளில் தொடர்ந்து எழுதி, படித்தோர் உலகம் காண மறுத்ததைக் காணும்படி செய்தார். அவரை அம்மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்றழைத்தனர். மேல்சட்டையில் அவர் ரோசாப்பூ அணிந்திருப்பார், அதனால் வந்த பெயர் என்பர். துரை என்னும் சொல்லை அந்நாளில் வெள்ளைக்கார அதிகாரிக்கும் ஜமீன்தாருக்குமே மக்கள் வழங்கினர் என்பதை நினைத்தால், அப்பெயரில் அன்போடு ஒரு வியப்பும் கலந்திருப்பது புலப்படும்.

இந்த இடத்தில் திருச்சபை வரலாற்றாசிரியன் சற்று நிற்கவேண்டும். அதே சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட மக்களைக் குடியேற்றி ‘சீர்திருத்தும்’ குடியிருப்புகளை நடத்தும் பொறுப்பை அரசு சில இடங்களில் மிஷன்களிடம் ஒப்படைத்திருந்தது. அவற்றுள் முதன்மையானது இரட்சணிய சேனை. சென்னை மாகாணத்தின் ஆந்திரப் பகுதியில் அது நடத்திய ஸ்டூவர்ட்டுபுரம் குடியிருப்பு பெயர்பெற்றது. அங்கே பள்ளி இருந்தது, மருத்துவம் இருந்தது, தொழில் கற்பித்தனர். பலர் தன்னலமின்றி உழைத்தனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அங்கிருந்தோர் தம் விருப்பப்படி வெளியேற முடியாது. வேலியைப் பாதுகாத்த அதிகாரம் அச்சட்டத்தினுடையதே. வேலிக்குள் நற்செய்தியைச் சொன்னவர்களைப் பற்றி நம் வரலாறுகள் எழுதின. வேலியே கூடாது என்று வாதாடிய கிறிஸ்தவரைப் பற்றி எழுதவில்லை. இரண்டுமே கிறிஸ்தவப் பணி எனலாமா என்று மாணவர்கள் விவாதிக்கட்டும். எளியேனைப் பொறுத்தவரையில், ஜோசப் செய்ததே முந்தியதும் கடினமானதுமான பணி.

பெருங்காமநல்லூர் நிகழ்ச்சிக்கு ஐந்து மாதங்களுக்குப் பின் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாடு ஒத்துழையாமைத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. வழக்கறிஞர் நீதிமன்றங்களைப் புறக்கணிக்கவேண்டும் என்பது அதன் கூறுகளில் ஒன்று. ஜோசப் வருவாய் மிகுந்த தம் தொழிலைத் துறந்தார். இதனைத் தியாகம் என்றே எல்லோரும் எழுதுகின்றனர். தியாகமே. எனினும் நீதிமன்றத்தைத் தவிர வேறு புகலிடமற்ற ஏழைக் கட்சிக்காரனுக்கு, தன் வழக்கறிஞர் அங்கியைக் கழற்றுவது எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நாட்டுக்காகச் செய்யப்படும் தியாகத்தின் விலையைச் சில வேளைகளில் வேறொருவரும் சேர்ந்து செலுத்த நேரிடுகிறது.

மோதிலால் நேருவின் அழைப்பை ஏற்று அலகாபாத்துக்குச் சென்ற ஜோசப் ‘இண்டிபெண்டன்ட்’ நாளிதழின் ஆசிரியரானார். 1921 டிசம்பரில் நேரு குடும்பத்தார் கைதான அதே நாட்களில் அவரும் அரசத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டு லக்னோ சிறையில் வைக்கப்பட்டார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற மகாதேவ தேசாய் அச்சுக்கூடம் பறிக்கப்பட்ட நிலையில் அவ்விதழைக் கையெழுத்துப் பிரதியாக வெளியிட்டது தனி வரலாறு. விடுதலைக்குப்பின், காந்தியடிகள் எரவாடா சிறையிலிருந்த 1923ஆம் ஆண்டில், ‘யங் இந்தியா’வின் ஆசிரியப் பொறுப்பு இராஜாஜியிடமிருந்து ஜோசப்பின் கைக்கு வந்தது. காந்தியடிகள் தம் குரலாகக் கருதிய இதழை அவர் இல்லாத வேளையில் நடத்தும் அளவிற்கு ஒரு கிறிஸ்தவர் நம்பப்பட்டார். அடுத்த ஆண்டில் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இதனை நினைவில் இருத்தவேண்டும்.

வைக்கம் திருவிதாங்கூரில் உள்ள ஓர் ஊர். அங்குள்ள மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளிலும் ஈழவர், புலையர் முதலியோர் நடக்கக்கூடாது என்னும் தடை இருந்தது. எல்லையைக் காட்டத் தீண்டல் பலகைகள் நாட்டப்பட்டிருந்தன. ஆனால் அதே வீதிகளில் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் தடையின்றி நடக்கலாம். தடுக்கப்பட்ட மனிதன் இன்று மதம் மாறினால் நாளை அதே வழியில் நடக்கலாம் என்பதே இதன் பொருள். 1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரசில் டி. கே. மாதவன் இப்பிரச்சினையை எழுப்பினார். 1924 மார்ச் 30ஆம் நாள் புலையர், ஈழவர், நாயர் ஆகிய மூன்று சமூகங்களிலிருந்தும் ஒவ்வொருவராக மூன்று தொண்டர்கள் பலகையைத் தாண்டிச் செல்ல முயன்றதோடு சத்தியாக்கிரகம் தொடங்கிற்று.

ஜோசப் இதனை ஒரு வழக்கறிஞரின் கண்கொண்டு நோக்கினார். வீதி பொதுவழி. அரசின் குடிமகன் எவனும் அதில் நடக்கும் உரிமையுடையவன். கோயிலுக்குள் யார் நுழைவது என்பது ஒரு சமயத்தாரின் உள்விவகாரமாக இருக்கலாம். தெருவில் யார் நடப்பது என்பது அத்தகையதன்று. ஆகவே அதற்காகப் போராடும் கடமை எல்லாச் சமயத்தாருக்கும் உண்டு. இதுவே அவர் நிலை.

காந்தியடிகள் வேறுவிதமாகக் கருதினார். ஏப்ரல் 6ஆம் நாள் அவர் ஜோசப்புக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. வைக்கம் பணியை இந்துக்களிடம் விட்டுவிடும்படியும், தூய்மை பெறவேண்டியவர்கள் அவர்களே என்றும், ஜோசப் தம் அனுதாபத்தாலும் எழுத்தாலும் உதவலாமேயன்றி இயக்கத்தை அமைப்பதோ சத்தியாக்கிரகம் செய்வதோ கூடாது என்றும் அதில் கூறியிருந்தார். நாகபுரி காங்கிரஸ் தீர்மானம் தீண்டாமையை அகற்றுமாறு இந்துக்களையே கேட்டுக்கொண்டது என்றும் சுட்டினார். அத்துடன், இந்நோய் சிரியன் கிறிஸ்தவர்களையும் பற்றியிருப்பதாக ஆண்ட்ரூஸ் மூலம் அறிந்து வியப்புற்றதாகவும் எழுதினார்.

கடிதம் கைக்கு வருமுன் நிகழ்ச்சிகள் முந்திக்கொண்டன. ஏப்ரல் 7ஆம் நாள் கே. பி. கேசவ மேனனும் மாதவனும் கைதாயினர். தலைமையின்றி நின்ற இயக்கத்தை ஜோசப் ஏற்றார். காவல்துறை தன் உத்தியை மாற்றிக்கொண்டு, தொண்டர்களைக் கைது செய்யாமல் வழிமறித்து நிறுத்தத் தொடங்கிற்று. தொண்டர்கள் சாலையிலேயே அமர்ந்து உண்ணாநோன்பு மேற்கொண்டனர். என்ன செய்வதென்று கேட்டு ஜோசப் காந்தியடிகளுக்குத் தந்தி கொடுத்தார். தாமும் கைதாகிவிட்டதை அவருக்குத் தெரிவித்தார். உண்ணாநோன்பை விட்டுவிட்டு, கைதாகும் வரை முறைவைத்து நிற்கவோ அமரவோ செய்யும்படி பதில் வந்தது. சிறை செல்லுமுன் ஈரோட்டிலிருந்து ஈ. வெ. ராமசாமியை வைக்கத்திற்கு வருமாறு கடிதம் எழுதி அழைத்தவர்களுள் ஜோசப்பும் ஒருவர். பெரியார் வந்தார், இருமுறை சிறை சென்றார். அவ்வரலாற்றைத் தமிழ்நாடு நன்கறியும். அழைத்தவர் பெயர்தான் மறந்துபோயிற்று.

ஜோசப்பின் நிலையில் உள்ள ஒரு நுட்பத்தைக் காணவேண்டும். அவ்வீதியில் அவர் தனியே நடந்திருந்தால் ஒருவரும் தடுத்திருக்கமாட்டார்கள். கிறிஸ்தவர் என்பதால் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. தமக்குத் தடையில்லாத வழியில், தடையுள்ளவர்களோடு நின்றதற்காக அவர் சிறைப்பட்டார். நம் பிரசங்கங்களில் நியாயசாஸ்திரிகளுக்கு நற்பெயர் இருப்பதில்லை. ஆயினும் நல்ல சமாரியன் உவமை ஒரு நியாயசாஸ்திரி கேட்ட கேள்விக்கு விடையாகவே சொல்லப்பட்டது. அதுவும் ஒரு பொதுவழியில் நிகழ்ந்த கதைதான்.

காந்தியடிகளின் தடையை வெறும் குறுகிய நோக்கம் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. இந்து–முஸ்லிம் பூசல்கள் கடுமையாகிவந்த ஆண்டுகள் அவை. திருவிதாங்கூரில் மதமாற்றம் பற்றிய ஐயமும் அச்சமும் நிலவின. கோயிலைச் சுற்றி நடக்கும் போராட்டத்திற்குக் கிறிஸ்தவர் தலைமை தாங்கினால், அது கோயிலையே எதிர்க்கும் போராட்டம் என வைதிகர் பரப்ப இடமாகும். வைக்கத்தில் இலவச உணவுச்சாலை நடத்திவந்த அகாலி சீக்கியரையும் விலகிக்கொள்ளுமாறு அவர் கேட்டுக்கொண்டார். ஆகவே ஜோசப்பை மட்டும் அவர் ஒதுக்கினார் என்பதற்கில்லை. தம் வீட்டின் அழுக்கைத் தாமே துடைக்கவேண்டும் என்ற உணர்வும் மதிக்கத்தக்கதே.

ஆயினும் அவ்வாதத்தில் ஒரு பெருங்குறை உண்டு. தீண்டாமை அதனைச் செய்பவனுடைய பாவம் என்ற கோணத்திலிருந்தே அது நோக்குகிறது. தீண்டாமைக்கு ஆளானவனுடைய உரிமை என்னும் கோணம் அங்கே மறைந்துவிடுகிறது. பாவம் என்றால் பாவி மனந்திரும்பும் வரை காத்திருக்கவேண்டும். உரிமை என்றால் காத்திருக்கவேண்டியதில்லை. 1925இல் காந்தியடிகளே வைக்கத்திற்கு வந்து வைதிகர்களோடு உரையாடினார். அவர்கள் மனம் திரும்பவில்லை. வீதிகளைத் திறக்கக் கோரிய தீர்மானம் திருவிதாங்கூர்ச் சட்டமன்றத்தில் 21க்கு 22 என்ற கணக்கில், ஒரே வாக்கில், தோற்றது. அவ்வாண்டு நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மூன்று பக்கத்து வீதிகள் திறக்கப்பட்டன. கிழக்கு வீதி அடைபட்டே இருந்தது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12ஆம் நாள் வந்தது.

கடிதத்தில் ஆண்ட்ரூஸ் பெயரால் வந்த குறிப்பு நம்மை நோக்கியது. அதனை நாம் எளிதில் கடந்துவிடக்கூடாது. புலையர் கிறிஸ்தவராயினும் அவர்களுக்குத் தனி ஆலயம், தனி இடம் என்ற வழக்கம் திருவிதாங்கூர்ச் சபைகளில் இருந்தது. இதனைப் பொறுக்காமல் சபையைவிட்டு வெளியேறிப் பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவிய பொய்கையில் யோகன்னான், ஜோசப் பிறந்த செங்ஙன்னூருக்கு அண்மையிலுள்ள இரவிபேரூரைச் சேர்ந்தவர். தமிழ்நாட்டுச் சபைகளில் இருக்கை முதல் கல்லறை வரை இந்நோய் எவ்வாறு பரவிற்று என்பதை இவ்விதழின் வாசகர்களாகிய ஆயர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இந்துக்களின் தெருவைப் பற்றிப் பேச ஜோசப்புக்குத் தகுதியுண்டா என்று அன்று கேட்டவர்களுக்கு இது ஒரு வலுவான ஆயுதம். ஆனால் பொதுவழி என்னும் ஜோசப்பின் வாதத்தை அது வீழ்த்தவில்லை. மாறாக, அவ்வாதத்தை நம் ஆலயத்தின் நடுவழி வரை நீட்டிவிடுகிறது. இந்துக்கள் தம் வேலையைப் பார்க்கட்டும் என்ற அறிவுரை அக்காலக் கிறிஸ்தவர் பலருக்கு உள்ளூர ஆறுதலாக இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. வெளியே போகவேண்டாம் என்றவர் வீட்டிற்குள்ளும் நோய் உண்டு என்றார். முதற்பாதியை மட்டும் கேட்டுக்கொள்வது வசதியாக இருந்தது.

பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். காங்கிரசோடு அவருக்கு இருந்த உறவு முன்போல் நெருக்கமாக இல்லை. ஒரு காலம் விலகியும் நின்றார், பின்னர் திரும்பினார். மதுரையில் மீண்டும் வழக்கறிஞர் தொழிலை நடத்தினார். 1933ஆம் ஆண்டு விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் இளைஞர் காமராசர் பொய்யாகச் சேர்க்கப்பட்டபோது அவருக்காக நின்றவர்கள் வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் ஆவர். குற்றச்சாட்டு ஆதாரமற்றதென நிறுவப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாருக்காக ஜோசப் நீதிமன்றத்தில் உதவினாரோ அவரே இப்பொழுது அருகில் நின்று வாதாடினார். 1937இல் மதுரை–இராமநாதபுரம்–திருநெல்வேலித் தொகுதியிலிருந்து மத்திய சட்டமன்றத்திற்குக் காங்கிரஸ் வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியில் அவர் ஓராண்டுகூட இருக்கவில்லை. 1938 மார்ச் 5ஆம் நாள் மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் தம் ஐம்பதாம் வயதில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் உலகத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் தாம்பரத்தில் கூடினர். சக்கரையும் செஞ்சையாவும் தம் நண்பர்களோடு எழுதிய நூல் அங்கே பேசப்பட்டது. மதுரையில் அடக்கம் செய்யப்பட்ட பாரிஸ்டருக்கு அவ்விவாதங்களில் இடம் இருந்திருக்கும் என்று நினைக்க முடியவில்லை. அவருடைய பேரரும் கணித வரலாற்றாசிரியருமான ஜார்ஜ் கெவர்கீஸ் ஜோசப் 2003இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலே அவரைப் பற்றிய விரிவான வரலாறாகும்.

ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. அப்பொழுது ஜோசப் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரமலைக் கள்ளர் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயரிடும் வழக்கம் அதற்குப் பின்னும் நெடுங்காலம் இருந்து வந்தது. அவர் மறைந்த நாளில் அவருடைய கல்லறைக்கு மாலை கொண்டு வந்தவர்களும் அம்மக்களே.